கூடவே வரும் பச்சைக் கட்டம்

வெப்பம், மரவகை, சாலை மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், வெளிநாட்டு வண்டு பரவக்கூடிய இடங்கள் வரைபடத்தில் சிவக்கும். சிவந்த தோட்டத்தின் மரங்களை வெட்டிவிடுவார்கள். அந்த வரைபடத்தைத் தினமும் புதுப்பிப்பது என் வேலை.

சுற்றிலும் சிவப்பு, அக்காவின் தோட்டம் மட்டும் பச்சைக் கட்டம். கணக்கில் பிழையே இல்லை.

பிரசவத்துக்காக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோட்டம் சிவந்தது. எங்கள் தெரு பச்சையானது. குழந்தையும் பிறந்தது.

"நாளைக்கு உன் தோட்டத்து மரத்த வெட்ட வராங்கக்கா! பச்சை உன் கூடவே இங்க வந்துடுச்சு!"

"உன் கம்ப்யூட்டருக்கு என் மேல அவ்ளோ பாசமாடா? அப்ப எங்க ரெண்டு பேரையும் வீட்ல கொண்டு போய் விடு," என்று பச்சைக்குழந்தையை அணைத்தபடி சிரித்தாள்.

அன்றே இருவரையும் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் வரைபடத்தைத் திறந்தேன். அக்காவின் தோட்டத்தில் பச்சைக் கட்டம். அதை ஒட்டி, பக்கத்துத் தோட்டத்தின் மேல், சின்னதாக இன்னொன்று.