வரைந்தவர்

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

திரையின் ஓரத்தில் ஓடும் பதிவை மறுபடியும் படித்தாள்.

பத்து நாற்பதுக்குப் பிறகு வந்த சொடுக்கெல்லாம் இந்த அறையிலிருந்து. பக்கத்து அறையிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இப்போது மணி பதினொன்றரை.

பக்கத்து அறையில் அவள் கணவன், தன் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பக்கவாதம் வலக்கையை எடுத்துக்கொண்டு, இடக்கையை நடுக்கத்தோடு விட்டுவைத்திருந்தது. இருபது வருடம் பம்ப் வரைபடம் போட்டவன். கை போனதும் சாப்பாட்டையே வெறுத்தான்.

அதற்காகத்தான் இந்தப் புரோகிராமை எழுதினாள். இரண்டு அறை, இரண்டு விண்டோ, ஒரே வரைபடம். அவன் அங்கே சொடுக்கினால் இங்கே விழும். அவள் இங்கே சொடுக்கினால் அங்கே விழும். ஓர் அறையிலிருந்து போன சொடுக்கே திரும்பி வந்து முடிவில்லாமல் சுற்றக்கூடாதென்று, ஒவ்வொரு சொடுக்கும் எந்த அறையில் பிறந்தது என்பதைப் பதிய வைத்திருந்தாள்.

நடுக்கத்தைப் புரோகிராமே திருத்திவிடும் என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

திருத்தியது அவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். ஐந்து மாதம் மறைத்தாள். அவனும் ஐந்து மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டான்.

நேற்றுகூடச் சொன்னான். "கோடு எப்புடி நேரா உளுந்துச்சு பாரு, கயலு."

இன்று பம்பின் வளைவு ஒன்றில் அவள் தன்னை மறந்துவிட்டாள். அங்கே அவன் கை நின்றுபோனதைக் கவனிக்கவில்லை.

ஐம்பது நிமிடம். அவன் தொடாமலே அவன் திரையில் கோடுகள் விழுந்துகொண்டிருந்தன. அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எழுந்து போய் என்ன சொல்வது? அவளுக்கு அழுகை வந்தது.

பதிவில் புதிதாக ஒரு வரி விழுந்தது. பக்கத்து அறை.

வரைபடத்தின் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், அவன் பெயர் அழிந்துகொண்டு வந்தது. ஒவ்வோர் எழுத்தாக.

கட்டம் காலியானது.

அத்தோடு எழுந்துவிடுவான் என்று நினைத்தாள்.

எழவில்லை. நடுங்கும் ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினான். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் புழங்காத, அவளுடைய நீளமான முழுப் பெயர்.

அங்கயற்க

நடுவில் ஓர் எழுத்து தவறி விழுந்தது. அவள் விரல் தானாக முன்னே போனது.

இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் ஆயிற்று. அவனே அழித்தான். அவனே சரியாக அடித்தான்.