ஒரேயொரு ‘இல்லை’

வாவியில் மீன்கள் செத்து மிதந்த மூன்றாம் நாள், ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வந்தது: ‘நஞ்சு போட்டது நல்லரத்தினமா?’

மாலைக்குள் ‘ஓம்’ இருநூற்றுப் பன்னிரண்டு. ‘இல்லை’ ஒன்றே ஒன்று. அது ஆர்த்திகாவுடையது.

குழுவை நடத்தும் ஜெயரூபன் நேரே அவள் வீட்டுக்கு வந்தான்.

“ஊரே ஓம் எண்டுது. உனக்கு மட்டும் என்ன புள்ள?”

“வாவித் தண்ணிய அள்ளிக்கொண்டு போய் கம்பஸ் லாப்ல சோதிச்சனான் அண்ணன். நஞ்சே இல்ல. வெக்கையில ஒட்சிசன் குறைஞ்சுதான் மீன் செத்திருக்கு.”

“எப்ப அள்ளினாய்?”

“மீன் செத்த அண்டைக்கு, விடியக்காலம. போத்தல்ல.”

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு நல்லரத்தினம் வந்து வேலியோரம் நின்று அழுதார். “இனி என்னைத் தோணி இறக்க விடமாட்டானுகள் மகள். நானே ‘இல்லை’ எண்டு போட்டா ஆர் நம்புவான்? எனக்கெண்டு நீ ஒருத்திதான்.”

“நான் மாத்தமாட்டன் மாமா. பயப்படாம போங்க.”

அரைமணி நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. புதிய வாக்கெடுப்பு: ‘அன்று விடியக்காலை போத்தலோடு வாவிக்கரையில் நின்ற ஆர்த்திகாவா நஞ்சு போட்டது?’

அதற்குள் ஒரு ‘ஓம்’ விழுந்திருந்தது. யாரென்று அழுத்திப் பார்த்தாள்.

நல்லரத்தினம்.