அலசித் தந்த மூச்சு

திடீரென்று அவள் வாய்க்குள் காற்று பீறிட்டது.

நிற்கவே இல்லை. சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர், வாயில் கவ்வியிருந்தது, குளிரில் உறைந்து, திறந்தபடியே நின்றுவிட்டது. முதுகுச் சிலிண்டரில் இருந்த காற்றெல்லாம் குமிழி குமிழியாக மேலே ஓடியது. கண்ணெதிரே ஒன்றும் தெரியவில்லை. காதைப் பிளக்கும் இரைச்சல்.

இங்கிலாந்தில் தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரி. இருபது மீட்டர் ஆழம். தண்ணீர் நான்கு டிகிரி.

இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கரூரிலிருந்து அக்கா போனில் கேட்டது சரிதான்.

ஆனாலும் அவள் பதறவில்லை. உதட்டை லேசாக விலக்கினாள். பாய்கிற காற்றில் வேண்டியதை மட்டும் இழுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விட்டாள். முக்குளிப்புப் பயிற்சியில் மற்றவர்கள் இதற்குத்தான் இருமித் தவித்தார்கள். அவளுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பது போலத்தானே!

உதடு படக் கூடாது. அந்த விஷயத்தில் அவள் பெரிய பிடிவாதக்காரி.

முதல் கல்யாணத்தில், புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் அவள் சாப்பிட வேண்டும். மாமியார் உத்தரவு. அவன் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அதே இலையில் சோறு.

பதினொரு வருஷம்.

அதையெல்லாம் உதறிவிட்டு வந்து, நாற்பத்தாறாவது வயதில், இதோ முன்னால் நீந்திப் போகிற இவரைக் கட்டிக்கொண்டாள். அதற்கு முன்னால் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். யார் எச்சிலும் எனக்கு வேண்டாம்.

ஏன், எதற்கு என்று இவர் கேட்கவில்லை. சரி என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து, தான் வாய்வைத்த எதையும் கழுவாமல் அவள் கையில் கொடுத்ததில்லை. இரண்டு தடவை அலசுவார். எண்ணி.

காற்றின் அளவு காட்டும் முள் சரசரவென்று இறங்கியது. நூறு. அறுபது. இருபது.

முன்னால் போய்க்கொண்டிருந்தவர் இரைச்சல் கேட்டுத் திரும்பினார். வேகமாக நீந்தி வந்தார்.

அதற்குள் இரைச்சல் நின்றுவிட்டது.

காற்று தீர்ந்துவிட்டது.

கழுத்தை அறுப்பதுபோல் கையை அசைத்துக் காட்டினாள். காற்று இல்லை என்பதற்கு அதுதான் சைகை.

பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, அவர் தன் வாயில் இருந்ததையே எடுத்து நீட்டினார். நன்றாக வேலை செய்வது அதுதான். அவருக்கு மாற்று ஒன்று கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கையை நீட்டினாள்.

அவர் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

தண்ணீருக்குள் அதை ஆட்டினார். இந்தப் பக்கம் ஒரு தடவை. அந்தப் பக்கம் ஒரு தடவை.

அலசுகிறார்!

அட மனுஷா! அவர் வாயிலும் அந்த நேரம் ஒன்றும் இல்லை.

பிடுங்கினாள். கவ்விக்கொண்டாள். உள்ளே இருந்த தண்ணீரை ஊதித் தள்ளிவிட்டு இழுத்தாள். மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை.

அவர் கழுத்தில் தொங்கியதை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். அவள் தோள்பட்டை வாரை இறுகப் பிடித்துக்கொண்டார். இருவரும் மெதுவாக மேலே ஏறினார்கள். கரையேறி, கார் வரைக்கும் வந்த பிறகுதான் அந்தப் பிடியை விட்டார்.

காரின் பின்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தார்கள். இருவருக்கும் பல் கிட்டியது. பிளாஸ்க்குக்கு ஒரே மூடிதான். எப்போதும் அவளுக்குத்தான் முதலில்.

டீயை ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க குடிங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குடித்தார். பாதியில் நிறுத்தி, மிச்சத்தைக் கீழே கொட்டப் போனார். இன்னொரு கை தண்ணீர்ப் பாட்டிலைத் தேடியது.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உசுரு போற நேரத்துல, அங்கயும் அலசிக்கிட்டு நிக்கிறீங்களே, உங்கள என்னன்னு சொல்றது!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கை தானாப் பண்ணிருச்சு, கோதை."

மூடியை அவர் கையிலிருந்து வாங்கினாள். பாதி டீ இருந்தது. இன்னும் ஆவி பறந்தது.

அவள் அண்ணாந்து குடிக்கவில்லை.