செங்கொடிக்குத் திறக்கவில்லை

"இன்னொரு தடவை அழுத்துங்க மேடம்."

போனில் மௌஸ் சத்தம் கேட்டது.

"கறுப்பா ஒண்ணு வந்துச்சு. வந்த வேகத்துல போயிடுச்சும்மா."

ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

காலையிலிருந்து இதே கதை. ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தாயிற்று. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இறக்கிப் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று.

அது அவள் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு. தூத்துக்குடியில், வீட்டு மாடி அறையில், தனியாக உட்கார்ந்து செய்தது.

மழை நாளில் ஒரு பெண்ணுக்குப் படிக்கட்டில் பூனைக்குட்டி கிடைக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, இது உங்கள் பூனையா என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். சண்டை கிடையாது. துப்பாக்கி கிடையாது. எழுத்தெல்லாம் தமிழ்.

வாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். அதிலும் சிலர், 'திறக்கவே இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். என்ன ஆயிற்று என்று அவள் திரும்பக் கேட்டதற்கு ஒருவரும் பதில் போடவில்லை.

அவளுடைய கம்ப்யூட்டரில் அது ஒருநாளும் திறக்காமல் இருந்ததில்லை.

திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்கு முன் விளையாட்டை விற்பனையிலிருந்து எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அப்போதுதான் மன்னார்குடியிலிருந்து இந்த அழைப்பு.

திட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்தாள்.

"பணத்தைத் திருப்பித் தந்துடறேன் மேடம்."

"பணம் கெடக்குது. எனக்கு அந்தப் பூனையப் பாக்கணும்."

பஸ் கண்டக்டராம். படியில் வழுக்கி விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. கட்டிலும் ஜன்னலும்தான் உலகம் என்றார். பேசுகிற குரலில் அலுப்பு இல்லை. யாராவது பேசக் கிடைத்தால் போதும் என்கிற குரல்.

அவளுக்கு ஒன்று தோன்றியது.

"போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே அழுத்துங்க. அந்தக் கறுப்பு வந்து போறது பதிவாகணும்."

வீடியோ வந்தது. பூப்போட்ட போர்வை. அதன்மேல் லேப்டாப். கண் சிமிட்டுவதற்குள் கறுப்பு வந்து மறைந்தது.

அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கறுப்பு இருக்கும் இடத்தில் நிறுத்தினாள். பெரிதாக்கினாள்.

ஒரே ஒரு வரி. விளையாட்டு எந்த ஃபோல்டரைத் தேடிப் போனது என்று சொல்லும் வரி. நடுவில், கம்ப்யூட்டருக்கு உரியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், வரிசையாகக் கேள்விக்குறிகள்.

"மேடம், கம்ப்யூட்டர்ல உங்க பேரை எப்படிப் போட்டிருக்கீங்க?"

"தமிழ்லதான். செங்கொடின்னு."

அவள் அந்தக் கேள்விக்குறிகளை மறுபடி பார்த்தாள்.

ஊர்ப்பட்ட தமிழை உள்ளே எழுதி வைத்திருந்தாள். வாசலில் ஒரு தமிழ்ப் பெயர் வந்து நின்றதும் விளையாட்டுக்கு வாசிக்கத் தெரியவில்லை. அவள் கம்ப்யூட்டரில் அவள் பெயர் இங்கிலீஷில் இருந்தது. அதனால் அவளுக்கு எப்போதும் திறந்தது.

புதிதாக ஒரு பெயர் போட்டுக்கொள்ளுங்கள், இங்கிலீஷில், என்று சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை.

சொன்னாள்.

"போடலாம்தான்," என்றார் செங்கொடி. "எங்கப்பா வச்ச பேரும்மா. இங்கிலீஷ்ல எழுதுனா ஆபீஸ்ல அத்தன பேரும் சென்கோடி சென்கோடின்னு படிக்கிறாங்க. இது ஒண்ணுலயாவது சரியா இருக்கட்டுமேன்னுதான் தேடித் தேடி அடிச்சேன்."

அவளுக்கு முகம் சுட்டது.

"மாத்த வேணாம் அக்கா. நான் மாத்துறேன்."

போனை வைத்தாள். தன் கம்ப்யூட்டரில் செங்கொடி என்று தமிழில் இன்னொரு பெயரை உண்டாக்கினாள். அதற்குள் போய் விளையாட்டை அழுத்தினாள்.

கறுப்பு வந்தது. போனது.

முதல்முறையாக அவளுக்கும் திறக்கவில்லை. இனித் தவறைத் தேடிப் பிடித்துவிடலாம்.

அவள் கைதட்டிச் சிரித்தாள். கீழேயிருந்து அம்மா, "என்னட்டி?" என்று கத்தினாள்.

"ஓடலம்மா!"

"அதுக்கா சிரிக்க?"

சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே காய்ந்தது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க மதியம் முழுக்கப் போயிற்று. திருத்தியது ஒரு வரி.

புதியதை அனுப்பினாள்.

பதில் இல்லை.

துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். போனை எடுத்துப் பார்த்தாள். திரும்ப அடுக்கினாள்.

சாயங்காலம் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

மழைச் சத்தம்.

ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வெயில்தான்.

பிறகு ஒரு மியாவ். அவளே வாயைக் குவித்துப் பதிவு செய்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

கதவு தட்டுகிற சத்தம். படியேறுகிற சத்தம். மறுபடி கதவு. "ஒங்களுது இல்லயா? சரிங்க, சரிங்க," என்று செங்கொடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். போனில் ஒருத்தி இருப்பதையே மறந்துவிட்டார் போலிருந்தது.

அவள் வைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் குரல் இவள் பக்கம் திரும்பியது.

"ஏம்மா ஜெனிட்டா, மூணாவது மாடியில ஒரு பச்சக் கதவு இருக்கே. தட்டித் தட்டிப் பாக்குறேன். உள்ள யாரு இருக்கா?"

யாரும் இல்லை. சுவர் வெறுமையாக இருக்கிறதே என்று வரைந்து வைத்த கதவு. பின்னால் ஓர் அறைகூடக் கிடையாது.

"இருக்காங்க அக்கா," என்றாள். "வந்து திறக்கக் கொஞ்சம் நேரமாகும்."

"மெதுவா வரட்டும். நான் எங்க போகப்போறேன்?"

அந்தக் கதவைத் திறக்கப் போவது யார் என்று யோசித்தபடியே, திறந்து கிடந்த பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.