நாற்பத்தொரு ஓட்டு

“ஏம்மா, சத்தியபிரியா பேரையே காணோம்? நல்லாப் பாரும்மா!”

நல்லையா மேசையைத் தட்டியதில் மவுஸ் நகர்ந்தது. கொடைக்கானல் பிரவுசிங் சென்டரில் சுதாராணிக்கு வேலை. டி.வி. பாட்டுப் போட்டியின் இணைய ஓட்டில் சத்தியபிரியா இறுதிச் சுற்றுக்குப் போயே ஆக வேண்டுமென்று, இரண்டு மாதமாகச் சுதாராணியை ஒரு வழி பண்ணிவிட்டார் மனுஷன்.

சத்தியபிரியாவின் ரசிகர் குழுவில் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாக இருநூறு பேர். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனாலும் ஆளாளுக்கு வேலையைப் பிரித்துக்கொண்டு ஓட்டுச் சேர்த்தார்கள்.

“உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சோலி?” என்று சுதாராணி ஒருமுறை கேட்டாள்.

“தனியா நிக்குற புள்ள. பின்னால ஆளு இருக்குன்னு அதுக்குத் தெரியணும்ல? அதுலயும் மழை பேஞ்சா அதுக்குத் தொண்டை கட்டிக்கும்.”

“அடேயப்பா! பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியில்ல பேசுறீங்க!” என்று சிரித்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, காப்பித் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தையே ஜீப்புகளில் ஏற்றிக்கொண்டு வெள்ளனே வந்து இறங்கினார். நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவருக்கும் இமெயில் திறந்து, ஒரே கம்ப்யூட்டரில் வரிசையாக ஓட்டுப் போட வைத்தாள் சுதாராணி. விதிமுறைப் பக்கத்தை அவள் படிக்கவே இல்லை.

இப்போது படித்தாள்.

“ஒரே கம்ப்யூட்டர்ல இருந்து நாப்பத்தொரு ஓட்டு வந்திருக்காம். கள்ள ஓட்டுன்னு சொல்லி, போட்டியை விட்டே எடுத்துட்டாங்கய்யா.”

“கள்ள ஓட்டா? நாப்பத்தொண்ணும் நாப்பத்தொரு ஆளு போட்டதுதானேம்மா!”

“என் தப்புங்க. முன்னாடியே படிச்சிருக்கணும்.” அவளுக்கு அழுகை முட்டியது.

குழுவில் சத்தியபிரியாவே எழுதியிருந்தாள். சுதாராணி வாசித்தாள்: “யார் மேலயும் எனக்குக் கோபமில்லை. எனக்காக இவ்வளவு பேர் பாடுபட்டீங்க, அதுவே போதும். ‘பாட்டு வேணுமா, வீடு வேணுமா’ன்னு கேட்டு என்னை வெளியே அனுப்பின ஒருத்தருக்கு மட்டும் இன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்.”

நல்லையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பதில் எழுதும்மா. ‘சந்தோஷமில்ல, தாயி. நல்லது பண்றதா நெனச்சு மறுபடியும் கெடுத்துட்டேன்’னு எழுது.”

‘மறுபடியும்’ ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கீழே நல்லையான்னு போடட்டுங்களா?”

“பேரு வேணாம்மா,” என்றார் அவர். “அப்பான்னு போடு.”