லாரி வராத வழி

"மேடு வருது, கொஞ்சம் மெதுவா மிதிங்க." ரெஜினாவின் குரல் பின்னாலிருந்து வந்தது.

ஃபெலிக்ஸுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கரும்பு. தூரத்தில் மேல்கோட்டை மலை தெரிந்தது.

"லாரி ஏதாவது வருமா?"

"இந்தக் கரையில மாட்டு வண்டிதாங்க வரும். நீங்க காலைப் பாருங்க, இடது கால் ஏமாத்துது."

"ஹைவேல போயிருந்தா இந்நேரம் மலைக்கே போயிருக்கலாம்."

"அதெல்லாம் வேணாம்."

இறக்கம் வந்தது. அவர் விரல்கள் பழக்கத்தில் பிரேக்கைத் தேடின.

அப்போது கரண்ட் போனது. மலை, கால்வாய், கரும்பு எல்லாம் டிவியோடு அணைந்தன.

பக்கவாதத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லி வாங்கிய எக்சர்சைஸ் சைக்கிளிலிருந்து ரெஜினா அவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

"நம்ம பையன் ஹைவேலயே வீடியோ எடுத்திருக்கலாம்."

"அவனுக்கு ஏதுங்க நேரம்? நான்தான் ஹேண்டில்ல போனைக் கட்டிக்கிட்டுப் போனேன்."

"உனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே!"

அப்போதுதான் அவள் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார்.

"போன மாசம் பாண்டவபுரத்துல தங்கச்சி சைக்கிள்ல கத்துக்கிட்டேன்," என்றாள் ரெஜினா. "லாரியைப் பார்த்தாத்தான் இன்னும் பயமா இருக்குங்க."