வெறுந் தொட்டில்

"விஜி, கயித்தப் பைய இழு! தொட்டில் உத்திரத்துல இடிச்சுரும் போலிருக்கு."

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியர் கணேஷ்ராம் கத்தினான். தொட்டில் கயிறு ஜன்னல் வழியே அடுக்களைக்குப் போகிறது. சமைத்துக்கொண்டே மனைவி விஜயஸ்ரீ அதை இழுப்பாள்.

"நான் கயித்த விட்டு ரொம்ப நேரமாச்சுங்க!" அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"எங்கிட்டயே கத விடுதியா? இறங்கும்போது உயரம் வேகமாகும், ஏறும்போது அந்த வேகமே உயரமாகும். யாரும் தள்ளாம விட்ட உயரத்தத் தாண்டாது. இது ஏறிக்கிட்டே போகுது. பிள்ள விழுந்தா என்னட்டி செய்ய?"

பதறி எழுந்தான். கயிறு தொய்ந்து கிடந்தது.

வெளியிலிருந்து யாரும் தள்ளவில்லை என்றால், உள்ளே இருப்பவன்தான் உந்த வேண்டும். சிரிப்பு வந்தது.

"ஏலே போக்கிரி, நீதான் எம்பி எம்பி ஆடுதியா?"

தொட்டிலுக்குள் களுக்கென்று ஒரு சிரிப்பு. ஆட்டத்தை நிறுத்துவதற்காகத் தொட்டில் சேலையின் மடிப்புக்குள் கையை விட்டான்.

"வெறுந் தொட்டில ஆட்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

திரும்பினான். வாசலில் விஜயஸ்ரீ. அவள் இடுப்பில், தூக்கக் கலக்கத்தோடு அவன் மகன்.

தொட்டிலுக்குள் அவன் விரலைக் குட்டிக் கை ஒன்று இறுகப் பிடித்தது.